வையன் ஊரின் பால் கணக்கு

டென்மார்க்கின் மேற்குக் கரையிலுள்ள எஸ்பியர்க் துறைமுகத்தில் ரயிலேறிக் கிழக்கே சென்றோம். வழியில் வருவது வையன் என்னும் சிற்றூர். கோட்டையும் கோபுரமும் தேடுவோர் இங்கே இறங்க வேண்டியதில்லை. ஆயினும், பசுக்களின் பாலை அளந்து எழுதிவைப்பதற்கென்றே குடியானவர்கள் உலகில் முதன்முதலாகச் சங்கம் கூட்டியது இவ்வூரில்தான். அது 1895ஆம் வருஷம்.

ஊருக்குத் தெற்கே கோங்கே ஆறு ஓடுகிறது. 1864 யுத்தத்தில் தோற்றபின், 1920 வரை அதுவே இப்பக்கத்தில் தேசத்தின் எல்லை. அப்பால் சிக்கிய ரோடிங் ஊரின் மக்கள் கல்லூரி, 1865இல் வையனுக்கு அருகே ஆஸ்கோவில் மீண்டும் எழுந்தது. நிலம் போன துயரம் ஆறுமுன், அமெரிக்கத் தானியம் மலிந்து வந்து கோதுமை விலையையும் வீழ்த்தியது. குடியானவர்கள் வெண்ணெய்த் தொழிலுக்குத் திரும்பினர். 1882இல் மேற்கு ஜட்லண்டின் யெடிங் கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால் நிலையம் தோன்றியது.

பாலைக் கூடி விற்றாயிற்று. எந்தப் பசு தின்ற தீனிக்கு ஈடு கொடுக்கிறது என்று அறிவது எவ்வாறு? கண்மதிப்பு இங்கே உதவாது. ஒரு பசு 20 ராத்தல் பால் கறக்கிறது. நூற்றுக்கு 3 பங்கு கொழுப்பு. மற்றொன்று கறப்பது 15 ராத்தல்தான். கொழுப்போ 5 பங்கு. முதற்பசுவின் கொழுப்பு 0.6 ராத்தல், இரண்டாவதன் கொழுப்பு 0.75 ராத்தல். நிறைந்த செம்பைக் கண்டு மகிழ்ந்தவன் ஏமாந்தான்! அன்றியும், கன்று ஈன்ற புதிதில் வெள்ளமாய்க் கறந்து விரைவில் வற்றிவிடும் பசுவும் உண்டு. ஆண்டுக் கணக்கே உண்மையைச் சொல்லும்.

தனிக் குடியானவனுக்கு இது கட்டுப்படியாகாத காரியம். ஆகவே பலர் செலவைப் பகிர்ந்து ஓர் உதவியாளரை அமர்த்தினர். அவர் முறைவைத்து ஒவ்வொரு பண்ணைக்கும் வந்து, இரவு தங்கி, மாலைப் பாலையும் காலைப் பாலையும் பசுவாரியாக நிறுப்பார், கொழுப்பைச் சோதிப்பார், தீனியையும் குறிப்பார். மாணவர் மதிப்பெண் எழுதிப் பழகிய நமக்கு அவர்மீது தனி அபிமானம் பிறந்தது.

கணக்கு முடிந்ததும் வீட்டில் சங்கடம் தொடங்கும். செல்லமாய் வளர்த்த பசுவே தீனியை விழுங்கி நஷ்டம் வைப்பதாகப் புத்தகம் காட்டும். அதை விலக்கி, நல்ல பசுவின் கன்றை வளர்ப்பதில்தான் லாபம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தாயின் கணக்கைப் பார்த்தே பொலிகாளையும் தேர்ந்தனர். மாடு கூடாமலே வெண்ணெய் கூட இதுவே வழி.

1905இல், அமெரிக்காவின் மிச்சிகன் ராஜ்யத்திலும் இத்தகைய சங்கம் ஒன்று கூடியது. அதைக் கூட்டுவித்த ஹெல்மர் ராபில்ட், டென்மார்க்கிலிருந்து அங்கே குடியேறியவர்.