பேய் பேசினால் கும்பிடுவார்கள்

எங்க காலனிப் பக்கம் பேய் வயசுப் பொண்ணுகளைத்தான் பிடிக்கும். அதுவும் உச்சி வெயிலில் களையெடுத்துவிட்டுப் புளியமரத்தடியில் நடந்து வருகிறவளை.

பூசாரி உடுக்கை அடிப்பார். தலைமுடியைப் பிடித்து, வேப்பிலையால் விளாசி, "யாரு நீ, எதுக்கு வந்தே?" என்பார். அப்போதுதான் அவள் வாய் திறப்பாள். புருஷனையும் நிலத்துக்காரனையும் வாய்க்கு வந்தபடி ஏசுவாள். பேய் பேசுதுன்னு எல்லாரும் கும்பிடுவார்கள். அவளாகப் பேசியிருந்தால் பல்லு போயிருக்கும். அவள் முடியில் கொஞ்சம் அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்ததும் அந்தப் பேச்சும் நின்றுபோகும்.

உடுக்கைக்கு அடங்காதவர்களைத் தர்காவிலும் கோயிலிலும் விட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று எரிந்தது. சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 1912ஆம் வருஷத்துப் பைத்தியக்காரர் சட்டத்துக்குப் பதிலாக 1987லேயே புதுச் சட்டம் போட்டாயிற்று. சங்கிலி கூடாது என்று சட்டத்தில் எழுத 2017 ஆயிற்று.

இன்று மாத்திரை இருக்கிறது. வேண்டாமென்று சொல்லமாட்டேன், அதனால் மீண்டவர்கள் உண்டு. ஆனால் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நிற்பவளிடம் கேட்பதெல்லாம் "தூக்கம் வருதா?" 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் நம் வீடுகளை எரித்தார்கள். அப்படி எரிந்த ஊரில் தூக்கம் எப்படி வரும்?

பூசாரியாவது "யாரு நீ" என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் நோயின் பேர் இருக்கிறது. நோயைக் கொடுத்தவன் பேரை எழுதவும் அதில் இடம் வேண்டும்.