அக்கா லேப்டாப்பும் அப்பாவின் 43 போட்டோக்களும்!

"பழைய லேப்டாப் ஒண்ணு கிடக்கு. தூக்கிப் போட்டுடவா, உனக்கு வேணுமா?"

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டதிலிருந்து, எனக்கு வரும் வாட்ஸ்அப் மெசேஜ்களில் பாதி இதுதான். நான் டிஜிட்டல் டெஸ்க் ரிப்போர்ட்டர். திங்கள் முதல் சனி வரை கீபோர்டு, ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவர். பழைய கம்ப்யூட்டர்களைத் திறந்து, தூசி தட்டி, லினக்ஸ் போட்டு, அதில் கேம் ஓடுகிறதா என்று பார்ப்பது என் பொழுதுபோக்கு. கடை கிடையாது, காசும் வாங்குவதில்லை.

லேப்டாப்பை யார் கொண்டுவந்தாலும் "என்ன மாடல், எத்தனை ஜி.பி?" என்று நான் ஆரம்பிப்பதில்லை. "உள்ள என்ன இருக்கு? வீட்ல எல்லாருக்கும் தெரியுமா?" என்றுதான் கேட்பேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இந்தக் கேள்வியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பரணில் இருந்து இறங்கிய லேப்டாப்

எங்கள் ஊர் திண்டுக்கல். அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அக்கா ப்ளஸ் டூ படித்தபோது, 2012-ல், அரசின் விலையில்லா லேப்டாப் கிடைத்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். 2 ஜி.பி ரேம், 320 ஜி.பி ஹார்டு டிஸ்க். அப்பா அதற்குப் பொட்டு வைத்து, ஆயுத பூஜையில் சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார்.

அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். நாங்கள் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. ஆக, லினக்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் எனக்கு அதன் பெயரே தெரிந்தது.

அக்கா காலேஜ் முடித்ததும் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டதும் அதில்தான். அப்பாவின் பட்டன் போனில் மெமரி கார்டு நிறையும்போதெல்லாம், அதிலிருந்த போட்டோக்களை அக்கா லேப்டாப்பில் ஏற்றி வைப்பாள். 2017-ல் அப்பா இறந்துபோனார். அடுத்த வருஷம் லேப்டாப்பும் ஆன் ஆகாமல் போக, அம்மா அதை ஒரு துணிப்பையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள்.

2022-ல் நான் சென்னையில் ஜர்னலிசம் டிப்ளமோ சேர்ந்தேன். லேப்டாப் வாங்கக் காசில்லை. "பரண்ல கிடக்கே, அதை எடுத்துக்கவாக்கா?" என்று கேட்டேன். "அது செத்துப்போச்சுடி. வேணும்னா எடுத்துக்கோ" என்றாள்.

ரப்பர் செய்த மாயம்!

ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தி டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவள். "சார்ஜரைக் கழட்டு, பேட்டரியை எடு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி" என்றாள். உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட் போவதற்காக. பின்பக்க மூடியைத் திறந்து ரேமை எடுத்தாள். அதன் தங்க நிறப் பற்களில் கருப்பாகப் படிந்திருந்தது. ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, திரும்பச் செருகினாள். பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது!

நான்கு வருஷம் பரணில் கிடந்த 'பிணம்' எழுந்து உட்கார்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபேனில் அப்பளமாகப் படிந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். பிராசஸர் மேலே காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன். அதன்பின் லேப்டாப் கொதிக்கவில்லை. ஆனால், விண்டோஸ் திறக்கவே பத்து நிமிஷம் ஆனது.

"லினக்ஸ் மின்ட் போடு. பறக்கும். அதுல 'சூப்பர்டக்ஸ்கார்ட்' விளையாடலாம்" என்றாள் ரூம்மேட். ஒரு பென்குயின் ஓட்டும் கார் ரேஸ் கேம் அது. இலவசம். அன்று இரவே பென் டிரைவில் மின்ட்டை ஏற்றினேன். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு கேள்வி வந்தது. விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸைப் போடவா, இல்லை டிஸ்க்கை முழுசா அழித்துவிட்டுப் போடவா?

மணி ஒன்றரை. பக்கத்தில் மூன்று பேர் கேமுக்குக் காத்திருக்கிறார்கள். 'முழுசா அழி' என்பதை அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று இன்னொருமுறை கேட்டது. 'ஆமாம்' என்றேன்.

மூன்று நாள்கள் ஹாஸ்டலே எங்கள் ரூமில்தான் இருந்தது. இன்னும் நான்கு கேம்களை இறக்கினோம். நாலாம் நாள் அக்கா போன் செய்தாள். "அப்பா திதி வருதுல்ல... நான் வேலைக்குச் சேர்ந்தப்போ மலைக்கோட்டைல எடுத்தோமே, அந்த போட்டோ லேப்டாப்ல இருக்கும். அனுப்புடி."

விளையாட்டு வினையாகும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

"மொதல்ல ஆஃப் பண்ணும்மா!"

உண்மையைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. போனை வைத்துவிட்டாள். அது திட்டுவதைவிட மோசம்.

மறுநாள் காலை லேப்டாப்போடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில் கிடைக்காத எலெக்ட்ரானிக்ஸ் பொருளே இல்லை என்பார்கள். மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த ஓர் அண்ணனிடம் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன்.

"இப்போ ஆன்ல இருக்கா?"

"ஆமாண்ணே, ஸ்லீப்ல..."

"மொதல்ல ஆஃப் பண்ணும்மா! நீ ஆன்ல வெச்சிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் உள்ள புதுசா எதையாவது எழுதிக்கிட்டே இருக்கும்."

பிறகு பொறுமையாகப் புரியவைத்தார். லைப்ரரியில் எந்தப் புத்தகம் எங்கே என்று எழுதிவைத்த நோட்டைக் கிழித்துப்போட்டால், புத்தகங்கள் காணாமல் போய்விடாது. அலமாரியிலேயே இருக்கும். புதுப் புத்தகம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் பழசு போகும். பழைய ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். நான் கிழித்தது நோட்டை. ஆனால், அதன்மேல் மின்ட்டையும் ஐந்து கேம்களையும் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

"நல்லவேளை, இது ஹார்டு டிஸ்க். எஸ்.எஸ்.டியா இருந்தா, அழிச்ச இடத்தை அதுவே சுத்தம் பண்ணிடும். அப்புறம் கிடைக்கிறது கஷ்டம்" என்றவர், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி-யில் மாட்டும் கேபிள் ஒன்றையும் கையில் கொடுத்தார். "வேற லேப்டாப்ல மாட்டு. 'ஃபோட்டோரெக்'னு ஒண்ணு இருக்கு, இலவசம்தான். கிடைக்கிறதை வேற டிஸ்க்லதான் சேமிக்கணும். இதுல ஒரு எழுத்துகூட எழுதாதே."

கேபிளுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

ரூம்மேட்டின் லேப்டாப்பில் மாட்டி, சாயங்காலம் ஆரம்பித்தது விடியும்போதுதான் முடிந்தது. ஃபோட்டோரெக்குக்கு ஃபைல்களின் பெயர் தெரியாது. ஒரு போட்டோ எந்த அடையாளத்தோடு தொடங்கும் என்பதை வைத்து, டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையிலும் தேடும். அதனால் கிடைத்ததெல்லாம் வெறும் நம்பர்களாக வந்து விழுந்தன. ஆயிரக்கணக்கில்! வெப்சைட் ஐகான்கள், விளம்பரப் படங்கள், அக்காவின் ஹால் டிக்கெட், யாரோ ஒரு நடிகர்... அதற்குள் அப்பாவைத் தேடினேன். ஒரு வாரம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

43 போட்டோக்கள் கிடைத்தன. நூற்றுக்கும் மேல் இருந்தன என்பாள் அக்கா. மலைக்கோட்டை போட்டோ கிடைத்தது. ஆனால், பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அப்பா முகம் மேலே இருந்ததால் தப்பித்தது. தோளில் கைபோட்டு நின்ற அக்கா பாதிதான் இருந்தாள். பட்டறையில் அப்பா பூட்டு பிடித்துக்கொண்டே பேசும் வீடியோ ஒன்று இருந்தது. வீடியோ பெரிய ஃபைல், டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடக்கும். துண்டுகளைச் சரியாகச் சேர்க்க முடியவில்லை. அது திறக்கவே இல்லை.

அப்பா கேட்கும் கேள்வி

திதிக்கு ஊருக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் சாம்பல் பகுதியை வெட்டிவிட்டு, அப்பா முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபிறகு அக்கா பேசினாள்.

"போட்டோ போனதுகூடப் பரவால்லடி. அழிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணி, 'அக்கா, உள்ள என்ன வச்சிருக்க'ன்னு கேட்கணும்னு உனக்குத் தோணலையா? அப்பா அப்படியா சொல்லிக்கொடுத்தாரு?"

எனக்குச் சுருக்கென்றது. சாவி தொலைந்துபோன பூட்டோடு பட்டறைக்கு யாராவது வந்தால், அப்பா உடனே கை வைக்க மாட்டார். "யார் வீட்டுப் பூட்டு? அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் திறப்பார். மாங்காய்ப் பூட்டோ, பெட்டிப் பூட்டோ, எதுவாக இருந்தாலும். சின்ன வயதில் நான் அதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்திருந்தேன்.

இன்று என் மேஜையில்...

அதற்குப் பிறகு இந்தப் பொழுதுபோக்கையே விட்டிருக்க வேண்டும். ஆனால், அக்காதான் விடவில்லை. "கெடுத்தவளே சரி பண்ணு" என்றாள். புது எஸ்.எஸ்.டி வாங்கிப் போட்டேன். ரேமை 4 ஜி.பி ஆக்கினேன். உப்பிப்போயிருந்த பேட்டரியைக் குத்தாமல் நசுக்காமல் எடுத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தேன். இப்போது அந்த லேப்டாப் திண்டுக்கல்லில் அக்கா பையனிடம் இருக்கிறது. அவனும் பென்குயினோடு கார் ஓட்டுகிறான்.

'லினக்ஸில் கேம் ஓடாது' என்று சொன்ன காலம் போய்விட்டது. 2018-ல் வால்வ் நிறுவனம் 'புரோட்டான்' என்ற ஒன்றை வெளியிட்டது. பழைய மெட்ராஸில் வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்ற துபாஷி மாதிரி, விண்டோஸுக்காக எழுதிய கேம் பேசுவதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வதுதான் அதன் வேலை. 2022-ல் அதே நிறுவனம் கொண்டுவந்த 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கருவி லினக்ஸில்தான் ஓடுகிறது. எல்லாமே ஓடிவிடாது. 'வலோரன்ட்' போன்ற சில ஆன்லைன் கேம்கள், ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் மென்பொருளின் காரணமாக, லினக்ஸில் ஓடுவதில்லை. அதற்காகவே லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் லினக்ஸ் போட்டுக்கொடுப்பதில்லை.

போன மாதம் ஆபீஸ் சீனியர் ஒருவர் தன் ஸ்டீம் டெக்கைக் கொண்டுவந்தார். கட்டிலில் இருந்து கீழே விழுந்ததில் இடது ஸ்டிக் ஒரு பக்கமாகவே இழுத்தது. திருத்துவது கஷ்டமில்லை. பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ. நான்கு நீளம், நான்கு குட்டை, இடம் மாறக் கூடாது. ஸ்டிக்கைத் தனியாகக் கழற்றிப் புதுசு மாட்டலாம். ஆனால், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் மெமரி கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். மறந்து மூடியைப் பிரித்தால் கார்டு இரண்டாக உடையும்.

நான் கார்டைக் கையில் எடுத்து, "இதுல என்ன சார் இருக்கு?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு போன் போட்டார். மறுமுனையில் அவருடைய பத்து வயது மகள் பதறிவிட்டாள். "அப்பா, அதுல என் கேம் சேவ் எல்லாம் இருக்குப்பா! ரெண்டு வருஷமா விளையாடுறேன். ஆன்ட்டிகிட்ட அழிச்சிட வேணாம்னு சொல்லு!"

முதலில் கார்டை முழுசாக காப்பி எடுத்துவைத்தேன். பிறகுதான் முதல் ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய லேப்டாப் இருக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரப்பரும் பிரஷ்ஷும் இலவச லினக்ஸும் அதை எழுப்பிவிடலாம். ஆனால், எழுப்பும் முன் உள்ளே இருப்பதை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். அதற்கும் முன்பாக, அது யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த 43 போட்டோக்களும் இப்போது மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. பழைய 320 ஜி.பி ஹார்டு டிஸ்க்கை அக்கா பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அப்பா செய்த பூட்டு. அதன்பிறகு அந்த டிஸ்க்கில் நாங்கள் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. உடைந்த வீடியோக்களை ஒட்டும் புது மென்பொருள் ஏதாவது வந்திருக்கிறதா என்று நான் அவ்வப்போது தேடுவேன். ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு போன் செய்து, "டிஸ்க்கை எடுத்துப் பார்க்கட்டுமாக்கா?" என்று கேட்கிறேன்.

"வந்து எடுத்துக்கோடி. சாவி என்கிட்டதான் இருக்கு" என்கிறாள்.