சன்னபட்டணத்தில் பள்ளிக்குப் பொருள் தேடி

குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் வாங்குவது எளிய காரியம் என்றே பலரும் எண்ணுகின்றனர். திருவிழாக் கடையில் பிள்ளை கைநீட்டிய பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டால் அழுகை நிற்கிறது. நம் கடமையும் முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். ஆனால் நாற்பது குழந்தைகள் நாள்தோறும் கையாளப் போகும் பொருள்களை, அளவான பணத்தைக் கொண்டு, ஒரே நாளில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் அக்காரியம் அத்துணை எளிதன்று. சென்ற கோடை விடுமுறையில் இத்தகைய பொறுப்பை ஏற்று, கர்நாடக மாநிலத்துச் சன்னபட்டணத்திற்குச் சென்று வந்தோம். அங்கு நாம் கண்டவை, மழலையர் உள்ள இல்லங்கள் அனைத்திற்கும் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகிறோம்.

நமது பங்குப் பள்ளியின் மழலையர் வகுப்பில் இருப்போர் பெரும்பாலும் கூலி வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள். கரும்பலகையும் சுவரில் ஒட்டிய படங்களும் தவிர, அவர்கள் கையில் எடுத்துப் பழக அவ்வகுப்பில் ஏதுமில்லை. இக்குறையைப் போக்க, பங்குக் குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து 15,000 ரூபாயை நம்மிடம் ஒப்படைத்திருந்தன. முதலில் அருகிலிருந்த நகரத்துக் கடையொன்றில் விசாரித்தோம். அங்கே பொத்தானை அழுத்தினால் எழுத்துகளைச் சொல்லிப் பாடும் மின்கலப் பலகை ஒன்றைக் காட்டினார்கள். பலகை நன்றாகவே பாடியது. ஆனால், “எல்லாவற்றையும் இதுவே சொல்லிவிட்டால் பிள்ளைக்கு என்ன வேலை?” என்று நம் பள்ளித் தலைமை ஆசிரியையான அருட்சகோதரியார் கேட்ட கேள்விக்குக் கடைக்காரரிடம் விடையில்லை. அக்கேள்வியே நம்மைச் சன்னபட்டணத்திற்கு அனுப்பியது.

பொம்மைகளின் ஊர்

ஓசூர் வழியாகப் பெங்களூரை அடைந்து, அங்கிருந்து மைசூர் செல்லும் இரயிலில் ஏறினோம். அருட்சகோதரியாருடன் மழலையர் வகுப்பின் இளம் ஆசிரியையும் வந்திருந்தார். பட்டுக்கூடுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ராமநகரத்தின் பெரும் பாறைக் குன்றுகளைக் கடந்தால் அடுத்து வருவது சன்னபட்டணம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கன்னடத்தில் இதனைக் ‘கொம்பெகள நகர’ என்பர். பொம்மைகளின் நகரம் என்பது பொருள்.

திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர் வந்து இத்தொழிலைக் கற்பித்தனர் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. 20-ஆம் நூற்றாண்டில் இதனைப் புதுப்பித்தவராகப் போற்றப்படுபவர் பாவாஸ் மியான். ஜப்பானியரின் பொம்மைத் தொழில் நுணுக்கங்களை இங்குக் கொண்டுவந்தவர் அவரே என்பர். இந்துக்களும் இஸ்லாமியரும், ஆண்களும் பெண்களும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். 2005-06-ஆம் ஆண்டில் இவ்வூர்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கடைக்குச் செல்லுமுன் பட்டறையைப் பார்க்க விரும்பினோம். குறுகலான தெரு ஒன்றில், முதியவர் ஒருவர் தம் வீட்டு முன்னறையிலேயே கடைசல் பட்டறை வைத்திருந்தார். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, நம்மை அமரச் செய்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார்.

இங்கே வழக்கமாகப் பயன்படும் மரம் நம் ஊரில் வெட்பாலை எனப்படுவது. கிளையை ஒடித்தால் பால் வடியும். மரம் வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் காயவைத்துத் துண்டுகளாக அறுக்கின்றனர். துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் உருவம் கொடுக்கின்றனர். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பின்னரே வண்ணம் பூசும் வேலை.

இவ்வண்ணம் தூரிகையால் தீட்டப்படுவதன்று. சாயம் கலந்த அரக்குக் கோலைச் சுழலும் மரத்தின்மீது அழுத்திப் பிடிக்கின்றனர். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின்மேல் மெல்லிய தோல் போலப் படிகிறது. பின்னர்த் தாழை மடலின் துண்டு ஒன்றை அதன்மேல் வைத்து அழுத்தியவுடன், மங்கியிருந்த வண்ணம் கண்ணாடி போல் ஒளிர்கிறது. மரபாகக் கலக்கப்படுபவை மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயங்கள். “குழந்தை வாயில் வைக்கும் என்று தெரிந்துதான் எங்கள் பெரியவர்கள் இப்படிச் செய்தார்கள், ஃபாதர். வேறு சாயம் போடுகிறவர்களும் இன்று இருக்கிறார்கள். எந்தச் சாயம் என்று கேட்டு வாங்குங்கள்” என்றார் முதியவர்.

எதை எடுப்பது, எதை விடுவது?

பட்டறையிலிருந்து அருகிலிருந்த கடைக்குச் சென்றோம். தரையிலிருந்து கூரை வரை நிறங்களே நிறங்கள்! கிலுகிலுப்பை, பம்பரம், நடைவண்டி, இழுத்தால் தலையாட்டும் வாத்து, மணிச்சட்டம், வளையங்களை அடுக்கும் கோபுரம், வடிவங்களைப் பொருத்தும் பெட்டி, கோக்கும் மணிகள் எனக் கண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. இளம் ஆசிரியை கூடையை நிரப்பத் தொடங்கினார். அருட்சகோதரியாரோ ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, “இதைக் கொண்டு பிள்ளை என்ன செய்யும்? தவறாகச் செய்தால் அதற்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டவாறு பாதியைத் திரும்ப வைத்தார். கண்ணாடிப் பேழையில் அடுக்கினால் அழகாயிருக்கும் இசைக்குழுப் பொம்மைகள் முதலில் வெளியேறின. கம்பியில் மணிகள் தாமே வழுக்கியோடிய மணிச்சட்டம் அடுத்து வெளியேறியது. எண்ணி நிறுத்திய மணி நின்ற இடத்திலேயே நிற்காவிட்டால் பிள்ளை எவ்வாறு எண்ணும்?

அருட்சகோதரியாரின் இரண்டாம் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய நாட்டுக் கல்வியாளர் ஃபிரெடெரிக் ஃபிரோபெல் தம் மழலையர் கல்விக்கூடத்திற்கு 1840-இல் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். அவர் வகுத்த பொருள்களில் மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. பின்னர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1907 ஜனவரி 6-ஆம் நாள், உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகக் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். ஒரு பொருள், தவற்றைத் தானே காட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கண்ட நெறி. 10 உருளைகளை 10 குழிகளில் பொருத்தும் கட்டையை எண்ணிப் பாருங்கள். சிறிய உருளையைப் பெரிய குழியில் இட்டுவிட்டால், இறுதியில் ஓர் உருளைக்கு இடமின்றிப் போகும். ஆசிரியை அதட்ட வேண்டியதில்லை. பிள்ளை தானே நின்று, பார்த்து, மாற்றி வைக்கிறது.

இந்த அம்மையார் நம் நாட்டிற்குப் புதியவர் அல்லர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். உலகப் போரின் காரணமாகத் தாயகம் திரும்ப இயலாத காலத்தில், கொடைக்கானல் மலையிலும் சில ஆண்டுகள் வாழ்ந்து பிள்ளைகளுடன் பணியாற்றினார்.

கடையில் இத்தகைய உருளைக் கட்டை இல்லை. ஆகவே மீண்டும் முதியவரிடம் சென்றோம். “பாய், இதே அளவில் செய்து தர முடியுமா?” என்று அருட்சகோதரியார் தாளில் வரைந்து காட்டினார். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நெடுநேரம் அதையே பார்த்தார். “முடியும் சிஸ்டர். ஆனால் இன்று முடியாது. இங்கே இருக்கும் மரம் இன்னும் காயவில்லை. ஈரத்தோடு கடைந்தால் வெயிலில் ஓர் அளவு, மழையில் ஓர் அளவு என்று மாறிவிடும். பிள்ளை சரியாக வைத்தும் பொருந்தாவிட்டால், தன்மேல்தான் குற்றம் என்று நினைக்கும் அல்லவா?” என்றார்.

கையில் பணத்துடன் வந்தவரைத் திருப்பி அனுப்ப எந்த வணிகருக்கு மனம் வரும்? இவர் அனுப்பினார். முகம் அறியாத ஒரு குழந்தையின் மனம் நோகக்கூடாது என்பதற்காக அனுப்பினார். பொருளே ஆசிரியராகும்போது, அதைக் கடைந்தவரின் நேர்மையே பிள்ளைக்குக் கிடைக்கும் முதற்பாடம் என்பதை அப்பட்டறையில் உணர்ந்தோம். முன்பணம் கொடுத்துவிட்டு, காய்ந்த மரம் கிடைத்ததும் செய்து அனுப்பும்படி கேட்டுக் கொண்டோம்.

ஒன்றா, பலவா?

மீண்டும் கடையில் ஒரு வாதம் எழுந்தது. ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கினால் போதும் என்றார் இளம் ஆசிரியை. மாண்டிசோரி முறை வகுப்புகளில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே இருக்கும். மற்றொரு பிள்ளை முடிக்கும்வரை காத்திருப்பதும் ஒரு கல்வி என்பது அவர் பயின்ற பாடம். நாற்பது பிள்ளைகள் ஓர் அறையில் இருக்கையில் ஒன்றுக்காக முப்பத்தொன்பது பேர் காத்திருப்பதோ என்றார் அருட்சகோதரியார். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. இறுதியில், அமைதியாக ஒருவர் மட்டும் செய்யும் வேலைக்குரியவற்றை ஒவ்வொன்றாகவும், கூடி ஆடுவதற்குரியவற்றைப் பலவாகவும் வாங்குவது என முடிவாயிற்று. 6 மணிச்சட்டங்கள், 8 வளையக் கோபுரங்கள், 4 பெட்டி கட்டைகள், 5 சரம் கோக்கும் மணிகள், வடிவப் பெட்டி ஒன்று, பிள்ளைக்கு ஒன்றாக 40 பம்பரங்கள் எனப் பட்டியல் முடிந்தது. எஞ்சிய தொகையில் உருளைக் கட்டைக்குப் போக மீதியை, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டுவதற்கும், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு மரத்தட்டு அமைப்பதற்கும் ஒதுக்கினோம். பூட்டிய பீரோவில் இருக்கும் பொருளால் யாருக்குப் பயன்?

பணம் கொடுக்குமுன் ஒரு சோதனையும் நடந்தது. அருட்சகோதரியார் வெண்ணிறக் கைக்குட்டையை நீரில் நனைத்து ஒவ்வொரு வண்ணத்தையும் அழுத்தித் துடைத்தார். ஒரு சிவப்பு வளையம் கைக்குட்டையில் கறை பதித்தது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் அவ்வகையை அகற்றிவிட்டு வேறு தந்தார்.

வெறிச்சோடிய பழைய சாலை

கடை வாசலில் நின்றபோது அவர் தம் கவலையைச் சொன்னார். பெங்களூர் - மைசூர் பயணிகள் முன்பு இவ்வூர் வழியாகவே சென்றனர். வண்டியை நிறுத்திப் பொம்மை வாங்கினர். 2023 மார்ச் மாதம் முறைப்படி திறக்கப்பட்ட விரைவுச் சாலை ஊரை ஒதுக்கிவிட்டுச் செல்கிறது. பயண நேரம் குறைந்தது; பழைய சாலைக் கடைகளின் வணிகமும் குறைந்தது. வெளிநாட்டு நெகிழிப் பொம்மைகளின் போட்டி அதற்கும் முன்பே வந்துவிட்டது. அவற்றின் இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது ஓரளவு துணைதான். எனினும் வாங்குவோர் வராத தெருவில் வரி என்ன செய்யும்? முதியவரின் மகன் பெங்களூரில் வேறு வேலைக்குச் சென்றுவிட்டதையும் அறிந்தோம். நம் பிள்ளைக்கு வாங்கும் பொம்மையின் விலை மற்றொரு வீட்டுப் பிள்ளையின் உணவாகிறது என்பதை மறக்கலாகாது.

பெற்றோருக்குச் சில சொற்கள்

எல்லாரும் சன்னபட்டணம் செல்ல இயலாது, செல்லவும் தேவையில்லை. எங்கு வாங்கினும் சிலவற்றைக் கவனியுங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. 3 வயதிற்குட்பட்டோருக்கான பொருளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழாயைப் பயன்படுத்துகின்றனர். அதனுள் முழுதும் அடங்கிவிடும் எதுவும் தொண்டையில் சிக்கக் கூடியது. பொத்தான் போன்ற சிறு மின்கலங்களையும் காந்தத் துண்டுகளையும் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அவை உள்ள பொருள்களை மழலையரிடம் தரவே வேண்டாம்.

இவற்றுக்குப் பின், அருட்சகோதரியாரின் இரு கேள்விகளையும் கேளுங்கள். இதைக் கொண்டு பிள்ளை என்ன செய்யும்? தவறினால் அதற்கு எப்படித் தெரியும்? விடை தெளிவாக வரும் பொருள்கள் பல நம் வீட்டிலேயே உள்ளன. பல்லாங்குழியின் 14 குழிகளும் ஒரு கணக்குப் பள்ளியே. ஒன்றனுள் ஒன்று அடங்கும் சமையலறைக் கிண்ணங்கள், மாண்டிசோரி அம்மையாரின் உருளைகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. பனையோலைக் காற்றாடியைப் பிள்ளையே மடிக்கட்டும். தவறாக மடித்தால் அது சுழலாது, அவ்வளவுதான்.

மூன்று வயதில் எழுதவில்லையே என்று ஏங்கும் பெற்றோர் நம் பங்கிலும் உண்டு. எழுதுகோலைப் பிடிக்க வேண்டிய விரல்கள் முதலில் மணியைக் கோக்கவும், பம்பரத்தைச் சுழற்றவும், கட்டையைக் குழியில் பொருத்தவும் பழகட்டும். எழுத்து தானே வரும். அதுவரை பொறுத்திருக்கும் பெற்றோரின் பொறுமை, மரம் காயும்வரை காத்திருந்த அம்முதியவரின் பொறுமையைப் போன்றதாக இருப்பின், நம் பிள்ளைகள் பேறு பெற்றவர்கள்.