உப்பு போகும் வழி

அம்மா பிறந்த ஊர் வேதாரண்யம். வாழ்க்கைப்பட்ட ஊர் ஸ்ரீரங்கம். திருத்துறைப்பூண்டியில் இறங்கிச் சின்ன வண்டிக்கு மாறியதுமே, "வீடு வந்தாச்சு" என்பாள். வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நிலையங்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வருவாள்.

2004இல் அந்த மீட்டர் பாதை மூடப்பட்டது. அதன்பிறகு நாங்கள் பேருந்தில் போனோம். அம்மா எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இந்தத் திசைக்கு ரயிலைவிடப் பெரிய ஒரு பயணமும் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில், தி.சே.சௌ. ராஜனின் வீட்டிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். சுமார் 240 கிலோமீட்டரைக் கடந்து ஏப்ரல் 28இல் அவர்கள் ஊர் சேர்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார்.

அதே அகஸ்தியம்பள்ளிக்குத்தான் 2023 ஏப்ரல் 8 அன்று ரயில் திரும்பி வந்தது. 37 கிலோமீட்டர் அகலப்பாதை; செலவு 294 கோடி ரூபாய். அதைக் காண அம்மா இல்லை. அவளுக்காக ஒருமுறை போய்வந்தேன். பெட்டியில் சிலரே இருந்தோம். கடைசி நிலையத்தை நெருங்கும்போது உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசின. கீற்று போர்த்திய குவியல்களுக்கு அருகே லாரிகளில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. மூட்டைகள் லாரிக்குப் போக, நாங்கள் ரயிலில் வந்துகொண்டிருந்தோம்.

இந்தப் பாதையின் எதிர்காலம் அந்தக் காட்சியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. 37 கிலோமீட்டருக்குள் ஏறி இறங்கும் பயணிகளை மட்டும் நம்பி ஒரு பாதை பிழைக்காது. மீட்டர் பாதைக் காலத்தில், அகலப்பாதை தொடங்கும் இடத்தில் உப்பை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். இன்று அந்தத் தடை இல்லை. ஆனால் முழுச் சரக்கு ரயில் ஒன்றை நிரப்ப ஆயிரக்கணக்கான டன் உப்பு ஒரே நேரத்தில் வேண்டும். சிறு உற்பத்தியாளர் எவரும் தனியாக அதைத் தர முடியாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு விளைச்சலும் நின்றுவிடும். கோடையில் விளைந்ததைச் சேர்த்துவைக்க, மழை புகாத பொதுக் கிடங்கும் ஏற்றுமதி மேடையும் நிலையத்தையொட்டி அமைந்தால், லாரியோடு போட்டியிட ரயிலுக்கு ஒரு வாய்ப்புண்டு.

பயணிகளுக்கு வேண்டியது இணைப்பு. திருவாரூரிலும் திருத்துறைப்பூண்டியிலும் ஒரு வண்டிக்காக இன்னொரு வண்டி காத்திருக்க வேண்டும். ஆடி, தை அமாவாசைகளில் வேதாரண்யத்துக்குக் கடல் நீராட வரும் கூட்டத்துக்குத் திருச்சியிலிருந்தே நேர் ரயில் வேண்டும். மாறி மாறி ஏறிச் செல்ல முதியவர்களால் ஆகாது. அவர்கள் பேருந்துக்கே போவார்கள்.

மயிலாடுதுறை - தரங்கம்பாடிப் பாதை 1980களில் நின்றது, இன்றுவரை திரும்பவில்லை. ஆகவே திரும்பி வந்த பாதையைப் பெற்றிருப்பது சிறிய பேறல்ல. ஆனால் தண்டவாளம் பதிப்பது பாதி வேலைதான். 2004இல் தண்டவாளம் அங்கேயேதான் கிடந்தது.

திரும்பும்போது நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வரிசை தலைகீழாக இருந்தாலும் பெயர்கள் அப்படியே இருந்தன.