காத்தார்கள் கட்டாத கோட்டைகள்

தெற்கு பிரான்சின் ஒயின் நாட்டில் பாறை உச்சிகளில் நிற்கும் இடிபாடுகளைத் தேடிப் பயணிகள் வருகிறார்கள். கீழே கொடிகள் குறைந்துகொண்டே போகின்றன

கேரிபுஸ் கோட்டையின் அடிவாரத்தில் காரை நிறுத்தினால் கதவைத் திறப்பதே பெரும்பாடு. வடமேற்கிலிருந்து வரும் திராமொந்தான் காற்று கதவைப் பிடுங்கிக்கொள்கிறது. தொப்பி போட்டுக்கொண்டு வந்தவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். மேலே, 728 மீட்டர் உயரத்தில், பாறையின் நுனியில் கோட்டை நிற்கிறது. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்து சொல்ல முடியாது.

பயணியை வாட்டும் இதே காற்று திராட்சைக்கு நல்லது. இலைகளில் ஈரம் தங்க விடாமல் உலர்த்திவிடுவதால் பூஞ்சை நோய் குறைவு. படியேறி முடித்து மூச்சு வாங்கும்போது இரண்டு பக்கமும் அதற்கான சாட்சி விரிந்து கிடக்கிறது. வடக்கே குகுன்யான் கிராமத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகத் தோட்டங்கள். தெற்கே மோரி பள்ளத்தாக்கில் இனிப்பு ஒயினுக்குப் பேர்போன கொடிகள். அவற்றுக்கு அப்பால் பிரனே மலைத்தொடரில் கனிகூ சிகரம். வானம் தெளிவாக இருந்தால் மத்தியதரைக் கடலும் தெரியும். இங்கே பந்தல் கிடையாது. பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடியும் முழங்கால் உயரத்தில், முறுக்கிய கட்டை போலத் தனித்தனியாக நிற்கிறது.

இதுதான் கோர்பியேர். பிரான்சின் ஓட் மாவட்டத்தில், கார்க்கசோன் நகருக்குத் தென்கிழக்கே பரவிக் கிடக்கும் வறண்ட குன்று நாடு. இங்கே வரும் வெளியூர்க்காரர்கள் முதலில் பார்ப்பது 'காத்தார் நாடு' என்ற பெயரைத்தான். 1990களில் மாவட்ட நிர்வாகமே சுற்றுலாவுக்காக அந்தப் பெயரை முத்திரையாக்கியது. அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. காத்தார்கள் கோட்டை கட்டியவர்கள் அல்ல. அவர்கள் கோயில்கூடக் கட்டவில்லை.

காத்தார்கள் 12, 13-ம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதியில் வேரூன்றிய கிறிஸ்தவப் பிரிவினர். கண்ணால் காணும் இந்த உலகம் தீய சக்தியின் படைப்பு என்பது அவர்கள் நம்பிக்கை. ஆன்மா விடுதலை பெறும்வரை உடல் விட்டு உடல் மாறும் என்றார்கள். விலங்கின் உடலும் அதில் அடக்கம். அவர்களில் துறவு பூண்டவர்கள், ஆணோ பெண்ணோ, இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். மீனுக்குத் தடையில்லை. ஒயினுக்கும் இல்லை. இந்திய வாசகருக்கு இதில் பாதி பழகிய சங்கதியாகத் தோன்றலாம். ரோமாபுரிக்கு அது பொறுக்க முடியாத மதத்துரோகமாகத் தெரிந்தது.

மூன்றாம் இன்னசென்ட் என்ற போப்பாண்டவர் அறிவித்த சிலுவைப்போர் 1209-ல் வடக்கிலிருந்து இறங்கியது. ஜூலை 22 அன்று பெசியே நகரத்தில் படுகொலை. அடுத்த மாதம் கார்க்கசோன் விழுந்தது. அதன் இளம் பிரபு ரேமோன் ரோஜே திரான்கவெல் அந்த நவம்பரிலேயே சிறையில் இறந்தார். மலைக்கோட்டைகளின் பிரபுக்கள் பலர் காத்தார்களுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். காத்தார்களுக்கும் கோட்டைகளுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அந்த முற்றுகைகளில் ஒயினும் பாத்திரமாக வருவது தெர்ம் கோட்டைக் கதையில். 1210-ன் கோடையில் சிமோன் தெ மோன்ஃபோர் தலைமையில் சிலுவைப் படை அதைச் சூழ்ந்தது. நான்கு மாதம் ஆகியும் கோட்டை பணியவில்லை. ஆனால் உள்ளே தொட்டிகள் வறண்டன. குடிக்க ஒயின் மட்டும்தான் மிச்சம் என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒயினைக் கொண்டு எத்தனை நாள் தாகம் தீர்ப்பது? சரணடையச் சம்மதித்தார்கள். அன்றிரவு மழை கொட்டியது. தொட்டிகள் நிரம்பின, கோட்டைக்காரர்கள் சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டார்கள். கெட்டுப்போன அந்தத் தண்ணீரே பிறகு வயிற்றுக்கடுப்பாகப் பரவியது. கடைசியில் ஓர் இரவு இருட்டோடு இருட்டாகத் தப்பி ஓடியபோது பிரபு ரேமோன் தெ தெர்ம் பிடிபட்டார். அவரும் கார்க்கசோன் சிறையில்தான் செத்தார்.

அவர் மகன் ஒலிவியேயின் வாழ்க்கையை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்பார்கள். நிலம் பறிபோன ஒலிவியே பல ஆண்டுகள் பிரெஞ்சு மன்னரை எதிர்த்துப் போராடினார். பிறகு சமாதானமாகி, ஒன்பதாம் லூயி மன்னருடன் கடல் கடந்து சிலுவைப்போருக்கே போனார். 1255-ல், கடைசியாக மிஞ்சியிருந்த கேரிபுஸ் கோட்டையின் தலைவர் ஷபேர் தெ பர்பைராவை மடக்கிப் பிடித்தது இதே ஒலிவியே. இருவரும் ஒரு காலத்தில் ஒரே அணியில் நின்றவர்கள். விடுதலைக்கு விலையாக ஷபேர் கோட்டையை ஒப்படைத்தார்.

அதற்குள் காத்தார்களின் கதை ஏறத்தாழ முடிந்துவிட்டது. 1244 மார்ச்சில் மோன்செகூர் குன்றின் அடியில் இருநூறுக்கும் மேற்பட்டோர் நம்பிக்கையைக் கைவிட மறுத்துத் தீயில் மாண்டார்கள். இப்பகுதியின் கடைசித் துறவியாக அறியப்படும் கியோம் பெலிபாஸ்த் 1321-ல் வில்ரூஜ் தெர்மனேஸில் எரிக்கப்பட்டார். நார்போன் பேராயருக்குச் சொந்தமாக இருந்த அந்தக் கோட்டையில் இன்று அவர் கதையைச் சொல்லும் கண்காட்சி இருக்கிறது. இறைச்சியைத் தொடாத ஒருவரைக் கொளுத்திய அதே கோட்டையில், இடைக்கால முறைப்படி நெருப்பில் வாட்டிய இறைச்சி பரிமாறும் உணவகமும் பல ஆண்டுகள் நடந்தது. யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

அப்படியானால் இன்று பயணிகள் ஏறிப் பார்க்கும் சுவர்கள் யாருடையவை? பெரும்பாலும் வென்றவர்களுடையவை. 1258-ல் கோர்பேய் ஒப்பந்தம் பிரான்சுக்கும் அரகோனுக்கும் இடையே இந்த மலைகளில் எல்லை வகுத்தது. மன்னரின் ஆட்கள் பழைய கோட்டைகளை எல்லைக் காவல் கோட்டைகளாகத் திருத்திக் கட்டினார்கள். அகிலார், கேரிபுஸ், பேர்பெர்த்யூஸ், புய்லோரான், தெர்ம் ஆகிய ஐந்தையும் கார்க்கசோனின் ஐந்து பிள்ளைகள் என்பார்கள். 1659-ல் எல்லை பிரனே மலைக்கு நகர்ந்ததும் அவற்றுக்கு வேலை போயிற்று. தெர்ம் அதற்கும் சில ஆண்டுகள் முன்பே, அரசாணைப்படி வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டிருந்தது.

ஐந்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பேர்பெர்த்யூஸுக்குப் போகலாம். சுமார் 800 மீட்டர் உயரத்தில், ஒரு கப்பல் மலைமீது தரைதட்டியது போல 300 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் உச்சிப் பகுதிக்குப் போக 1242-ல் லூயி மன்னர் கட்டளைப்படி பாறையில் வெட்டிய படிக்கட்டு உண்டு. தேய்ந்து வழவழப்பான படிகள். ஒரு பக்கம் அதல பாதாளம். இடி மின்னல் என்றாலோ காற்று மிஞ்சினாலோ கோட்டையை மூடிவிடுவார்கள். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. கார்க்கசோனைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று புரியும். கார்க்கசோனின் கூம்புக் கூரைகள் 19-ம் நூற்றாண்டில் வியோலே லெ தூக் என்ற கட்டடக் கலைஞர் செய்த புதுப்பிப்பு. அழகுதான், ஆனால் துடைத்து வைத்த அழகு. பேர்பெர்த்யூஸை யாரும் அந்த அளவுக்குத் துடைக்கவில்லை.

பெயர்க் குழப்பம் இப்போது மெல்லத் தெளிகிறது. கார்க்கசோன் கோட்டை நகரம் 1997-லேயே யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மலைக்கோட்டைகளுக்கும் அந்த இடம் கேட்கும் முயற்சியில் அவற்றை 'லாங்டோக்கின் அரச கோட்டைகள்' என்றே அழைக்கிறார்கள். காத்தார்கள் என்ற சொல் அதில் இல்லை.

கோட்டைகளுக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு கொடிகளுக்குக் கிடைத்ததில்லை. கிடைத்தபோது அது சண்டையில்தான் வந்தது. 1907-ல் ஒயின் விலை சரிந்து தெற்குப் பகுதி பட்டினியில் தவித்தபோது, ஓட் மாவட்டத்தின் அர்ஜெலியே கிராமத்து மர்செலான் அல்பேர் தொடங்கிய போராட்டம் ஜூன் மாதம் மோன்பெலியேயில் லட்சக்கணக்கானோரைக் கூட்டியது. நார்போனில் ராணுவம் சுட்டது. அதைக் கேட்டு ஒரு படைப்பிரிவு கலகம் செய்து பெசியேவுக்கு நடந்தது. வடக்கிலிருந்து வந்த படை என்றதும் 1209-ஐ நினைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

இப்போதைய நெருக்கடியில் துப்பாக்கி இல்லை, கூட்டமும் குறைவு. 1960-ல் சராசரி பிரெஞ்சுக்காரர் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று அதில் பாதிகூட இல்லை. 2022 முதல் வறட்சி வேறு. கொடியை நிரந்தரமாகப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று 2024-ல் அரசு அறிவித்தது. தாத்தா நட்ட கொடியைப் பிடுங்கப் பேரன் மனு எழுதினான். ஓட் மாவட்டத்தில் ஓராண்டுக்குள் சுமார் 5,000 ஹெக்டேர் தோட்டம் மறைந்தது.

அதன் விலை 2025 ஆகஸ்ட் 5 அன்று தெரிந்தது. கோர்பியேரின் வடபகுதியில், ரிபோத் கிராமத்தருகே பிடித்த தீ காற்றோடு ஓடி, சில நாட்களில் சுமார் 16,000 ஹெக்டேர் பரப்பைச் சூறையாடியது. ஒருவர் இறந்தார்; வீடுகள் எரிந்தன. பல தலைமுறைகளாகக் கிராமங்களைச் சுற்றியிருந்த தோட்டங்கள், களையெடுத்த மண்ணும் பச்சைக் கொடியுமாக, தீக்கு வேலி போட்டிருந்தன. தோட்டம் போன இடத்தில் புதர் வந்திருந்தது. கொடிகள் இருந்த இடங்களில் பெரும்பாலும் தீ நின்றுவிட்டது என்று நேரில் வந்த அப்போதைய பிரதமர் பிரான்சுவா பைரூவே குறிப்பிட்டார். விவசாயிகளுக்கு அது புதுச் செய்தியல்ல.

பிடுங்கிய நிலத்தில் சிலர் ஆலிவும் பிஸ்தாவும் நட்டுப் பார்க்கிறார்கள். கொடியை மீண்டும் நட நினைப்பவர்கள் உருப்படியான முதல் அறுவடைக்கு மூன்று ஆண்டாவது காத்திருக்க வேண்டும்.

தெர்ம் போகும் சாலை குறுகலானது. பேருந்துகள் அரிது, கார் இல்லாமல் முடியாது. செப்டம்பரில் போகிறவர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்வது நல்லது. அறுவடை மாதம் அது. திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் கூட்டுறவுச் சங்கத்தை நோக்கி மெதுவாகத்தான் போகும்; கோட்டைக்குப் போகும் கார்கள் பின்னால் வரிசையாக ஊர்ந்து வரும்.