மணி என்னன்னு சொல்லுங்க சித்தப்பா

கம்ப்யூட்டருக்கு மணி பார்க்கத் தெரியாதுங்க. யாரோ ஒருத்தர் சொன்ன மணியைப் பிடிச்சுக்கிட்டு, அதுலேர்ந்து எண்ணிக்கிட்டே போகும், அவ்வளவுதான். மதர்போர்டுல ஒரு குட்டி குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை துடிக்கும். கரண்ட் இல்லாத நேரத்துல அந்தத் துடிப்பு நின்னுபோகாம பார்த்துக்கறது சிஆர்2032ங்கற பட்டன் பேட்டரி. (பேருக்கு அர்த்தம் உண்டு: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்.) அது செத்துப்போச்சுன்னா, அடுத்த தடவை ஸ்விட்ச் போடும்போது பெட்டி தான் பிறந்த வருஷத்துலயே கண்ணு முழிக்கும்.

தேதி தப்பா இருந்தா என்ன, குடியா முழுகிடும்? 2022 நவம்பர்ல எங்க சித்தப்பாவோட ஜெராக்ஸ் கடையில முழுகப் பார்த்துச்சு.

அன்னிக்கு ஒரு உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சாயங்காலம் 5 மணி வரைக்கும்தான். பிளஸ் டூ முடிச்ச ஒரு பொண்ணும் அவங்க அம்மாவும் ரெண்டு பஸ் மாறி வந்து கடையில காத்திருக்காங்க. பகல் பூரா கரண்ட் இல்ல. 4 மணிக்கு வந்ததும் பழைய விண்டோஸ் 7 பெட்டியைப் போட்டா, எந்தத் தளமும் உள்ளே விடல. "டேய், நெட் இருக்குடா, ஆனா எதைத் திறந்தாலும் எச்சரிக்கைதான் வருது"ன்னு எனக்குப் போன். மூலையில என்ன தேதி காட்டுதுன்னு கேட்டேன். 1-1-2009ன்னார்.

பாதுகாப்பான தளம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கும். இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு அதுல போட்டிருக்கும். 2009ல உட்கார்ந்திருக்கற பிரவுசருக்கு 2022ல கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை. எப்படி நம்பும்?

விண்டோஸே நெட்ல மணி கேட்டு சரிபண்ணிக்காதான்னு கேப்பீங்க. பண்ணும். ஆனா வீட்டுலயும் கடையிலயும் தனியா இருக்கற பெட்டிகளுக்கு ஒரு எல்லை வச்சிருக்காங்க: 54,000 நொடி, அதாவது 15 மணி நேரம். வித்தியாசம் அதுக்கு மேல போனா, மாற்றம் ரொம்பப் பெருசுன்னு கையை விரிச்சுடும். யோசிச்சா நியாயம்தான். தெருவுல போறவர் வந்து "சார், இன்னிக்குத் தேதி நீங்க நினைக்கறதைவிடப் பதிமூணு வருஷம் தள்ளி"ன்னு சொன்னா நம்புவீங்களா? வீட்டு மனுஷங்க யாராவது சொல்லணும்.

கடிகாரத்தை க்ளிக் பண்ணி மாத்தலாமேன்னா, போன்ல ஒருத்தருக்கு மவுசைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்க, தெரியும் :-) ஆனா எழுத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். கமாண்ட் லைனோட பெரிய சௌகரியமே அதை வாயால சொல்ல முடியும்ங்கறதுதான்.

"ஸ்டார்ட் பட்டனைத் தட்டி சி, எம், டின்னு அடிங்க. கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூணையும் சேர்த்து அமுக்குங்க. எஸ்ஸா நோவான்னு கேக்கும், எஸ் கொடுங்க." (வெறும் என்டர் தட்டினா அட்மின் அனுமதி கிடைக்காது, தேதியை மாத்த விடாது.)

"கறுப்பா ஒரு பெட்டி வந்திருக்குடா."

"டேட்னு அடிச்சு என்டர் தட்டுங்க."

"புதுத் தேதி கேக்குது. பக்கத்துல எம்எம், டிடி, ஒய்ஒய்னு போட்டிருக்கு."

சூட்சுமம் இங்கதான். அன்னிக்கு நவம்பர் 7. நம்ம ஊர் வழக்கப்படி 07-11னு அடிச்சா, அமெரிக்க வரிசையில அது ஜூலை 11. பெட்டி முணுமுணுக்காம வாங்கிக்கிட்டு நாலு மாசம் பின்னாடி போய் உட்கார்ந்துடும். மாசத்தை முதல்ல அடிக்கச் சொன்னேன்: 11-07-2022. அடுத்தது டைம் கமாண்ட்.

"இப்ப மணி என்னன்னு சொல்லுங்க சித்தப்பா."

"சுவத்துக் கடிகாரத்துல நாலு இருபத்தாறு."

"அப்ப 16:26னு அடிங்க."

தளம் திறந்துச்சு. 4:51க்கு விண்ணப்ப எண் வந்துடுச்சு. அந்த அம்மா ரெண்டு பிரிண்ட் எடுத்து, ஒண்ணை மடிச்சுப் பர்ஸுக்குள்ள வச்சுக்கிட்டாங்களாம்.

மிச்சமிருக்கற நிமிஷ, நொடி வித்தியாசத்தை விண்டோஸ் அப்புறமா நெட்ல கேட்டுத் தானே சரிபண்ணிக்கும். இப்ப 15 மணி நேர எல்லைக்குள்ள வந்தாச்சே. எனக்கு இதுல பிடிச்சதே இந்த ஏற்பாடுதான். சின்னச் சின்னப் பிசகையெல்லாம் மெஷினும் மெஷினும் பேசித் தீர்த்துக்கும். பெரிய பிசகுன்னா ஒரு மனுஷன் சுவத்தைப் பார்த்துச் சொல்லணும். அந்த மனுஷனுக்கு எதை, எந்த வரிசையில அடிக்கணும்னு சொல்ல இன்னொரு மனுஷன் போன்ல இருக்கணும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப, வீட்டுப் பழைய பெட்டி என்ன தேதி காட்டுதுன்னு பாருங்க. பின்தங்கியிருந்தா கடைத்தெருவுல ஒரு சிஆர்2032 வாங்கி மாத்திட்டு வாங்க. கடைசித் தேதியெல்லாம் நம்ம பேட்டரிக்காகக் காத்திருக்காது.

பி.கு: லினக்ஸ் மக்களே, டேட் கமாண்ட் ஓடிக்கிட்டிருக்கற கடிகாரத்தை மட்டும்தான் மாத்தும். அதை மதர்போர்டுலயும் எழுத ஹெச்டபிள்யூகிளாக் இருக்கு. விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில இருந்து மணி சரியா 5:30 தள்ளிப்போனா பேட்டரியைத் திட்டாதீங்க. மதர்போர்டுல இருக்கறது உள்ளூர் நேரம்னு விண்டோஸ் நினைக்குது, யுடிசின்னு லினக்ஸ் நினைக்குது. அது ரெண்டுக்கும் நடுவுல இருக்கற குடும்பச் சண்டை!