நைனா போட்ட கோடு

இதை நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாகச் சொல்ல வாய் வரவில்லை. முதலில் எழுதிவிடுகிறேன்.

சித்தூரில் எங்கள் வீட்டு மாடியறையில், எட்டடிக்கு மூன்றடிப் பலகை ஒன்றில், மீட்டர் கேஜ் காலத்துப் பாகாலா–திருப்பதி ரயில்பாதையின் ஒரு துண்டு இருக்கிறது. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் இங்கே 12 மில்லிமீட்டர். நைனா அந்தப் பாதையில் கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாக ஓய்வு பெற்றவர். அவர் நடந்த இடத்தை அவருக்கே செய்து காட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பலகையின் நடுவில், பாகாலாவுக்கும் சந்திரகிரிக்கும் இடையில் அவர் மழை ராத்திரிகளில் காவல் இருந்த மூன்று கண் பாலம்.

பாலத்துக்குக் கீழே ஓடுவது ஆறு அல்ல; இங்கே தெலுங்கில் 'வங்க' என்பார்கள், ஓடை. சொர்ணமுகியில் போய்ச் சேர்கிற பல ஓடைகளில் ஒன்று. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். தண்ணீர் இருந்தாலும் மணலுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு, கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மழை பிடித்தால் மட்டும் ஒரே ராத்திரியில் வேறு ஓடையாகிவிடும்.

அந்த மணலைச் செய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. ஆற்று மணலை அப்படியே கொட்டினால் 87-ல் ஒரு பங்கில் ஒவ்வொரு மணியும் கூழாங்கல் மாதிரி தெரியும். அதனால் அம்மியில் நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் சலித்தேன். அடித்தளத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதன்மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகால், அதன்மேல் மணல். ஓரத்தில் வெளிர் மஞ்சள். நீரோடிய தடத்தில் ஈரமணலின் பழுப்பு. அந்தத் தடத்தில் மட்டும் பளபளக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு. தண்ணீருக்கென்று நிறம் கிடையாது, அடியில் இருப்பதன் நிறமும் மேலே இருக்கும் வானமும்தான் தெரியும் என்பதை அந்த மூன்று மாதத்தில்தான் கண்ணால் கற்றுக்கொண்டேன். நான் செய்தவற்றிலேயே நல்ல வேலை அது. இப்போது அதைப் பார்க்க முடியாது.

தூண்களில் ஒரு வேலையை நைனா தானே செய்தார். ரயில்வே பாலத்தூணில் அபாய மட்டம் என்று ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கர்டரின் அடியிலிருந்து ஸ்கேலால் அளந்து, நான்கைந்து மயிர் மட்டும் விட்ட தூரிகையால், கண்புரை விழுந்த கண்ணோடு, இரண்டு தூணிலும் அந்தக் கோட்டை இழுத்தார். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. "தண்ணி இதைத் தொட்டா வண்டி நிக்கணும்" என்றார்.

அவருக்கு அது சும்மா கோடு அல்ல. வேலையில் சேர்ந்த புதிதில் மேஸ்திரி அவருக்கு முதலில் சொன்ன கதை அரியலூர். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் நிலைகுலைய, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டது அதன் பிறகுதான். மேஸ்திரி அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கையில் விளக்கைக் கொடுத்தாராம். தண்ணீர் கோட்டுக்கு ஏறினால் இரண்டு பக்கமும் ஓடி, தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடியான டெட்டனேட்டரைக் கட்டி, சிவப்பு விளக்கோடு வண்டியை எதிர்த்து நடக்க வேண்டும். நைனா தன் சர்வீஸில் இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறார்.

இனி என் காரியம். திருப்பதியில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு லேஅவுட்டைக் கொண்டுபோவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால் எனக்கு மனசு மாறியது. வெளிநாட்டு வீடியோக்களில் பச்சையும் நீலமுமாகத் ததும்புகிற ஆறுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணலுக்கு முன்னால் யார் நிற்பார்கள் என்று தோன்றியது. ரெசின் வாங்கி, நீலமும் பச்சையும் கலந்து, நைனா தூங்குகிற மத்தியானத்தில் ஓடை முழுக்க ஊற்றினேன்.

ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது, அது இறுகிய பிறகுதான் அடுத்தது என்று எனக்குத் தெரியும். அந்த 3 மில்லிமீட்டரே நிஜத்தில் ஒரு சாண் தண்ணீருக்கு மேல். நான் ஒரே மூச்சில் 12 மில்லிமீட்டர் ஊற்றினேன். அதாவது அந்த வங்கவில் ஒரு மீட்டர் தண்ணீர். சித்தூர் மே மாத வெயிலில் ரெசின் கொதித்தது. ஓரங்களில் குமிழி நின்றுவிட்டது. தூண்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. இறுகியபோது சிவப்புக் கோட்டின் கீழ்ப்பாதி நீலத்துக்குள் இருந்தது.

நைனா வந்து பார்த்தார். நான் வண்டியை ஓடவிட்டேன். பாலத்தைத் தாண்டியதும் கேட்டார்: "தண்ணி கோட்டைத் தொட்டுடுச்சேடா. வண்டி ஏன் போவுது?"

என்னிடம் பதில் இல்லை. ரெசினைச் செதுக்கி எடுத்திருக்கலாம். நான்கு நாள் வேலை, அழகு போய்விடும். அன்று ராத்திரி தூணின் சாம்பல் நிறத்தைக் குழைத்து இரண்டு கோட்டின் மேலும் பூசினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தண்ணீரை இறக்க மனமில்லாமல் கோட்டை அழித்தேன்.

கண்காட்சியில் கூட்டம் பாலத்தின் முன்னால்தான் நின்றது. எல்லாமே எங்கள் நைனாவின் நினைவிலிருந்து செய்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். வயதான ஒருவர், நம் பக்கம் இப்படித் தண்ணீர் ஏது என்று கேட்டார். 2021 நவம்பர் வெள்ளம் என்று கூசாமல் சொன்னேன். அந்த வெள்ளத்தை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? திருச்சானூர்ப் பக்கம் சொர்ணமுகிக் கரையில் ஒரு வீடு அப்படியே ஆற்றில் சரிந்தது. கடப்பா மாவட்டத்தில் அன்னமய்யா அணை உடைந்தது. நந்தலூருக்கும் ராஜம்பேட்டைக்கும் நடுவில் ரயில்பாதைக்கு அடியில் இருந்த மண் போய்விட்டது. அந்தத் தண்ணீர் செம்மண் குழம்பு. நீலம் அல்ல. அவர் என்னைப் பார்த்தார், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நைனா தூணை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். "கோடு எங்கடா?"

"ரெசின் சூட்டுல வெளுத்துப் போச்சு நைனா."

நம்பிவிட்டார். "வெளுக்கும்தான். வருஷா வருஷம் மழைக்கு முன்னால நாங்க மறுபடி அடிப்போம். பிரஷ்ஷைக் கொடு, அடிச்சிடறேன்" என்றார். பிறகு பார்க்கலாம் என்றேன். அதற்கப்புறமும் இரண்டு தடவை பிரஷ் கேட்டிருக்கிறார். எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டேன். தண்ணீருக்கு அடியில் எங்கே போய் அடிப்பார்?

போன வாரம் செதுக்க ஆரம்பித்தேன். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் ரெசின் கொஞ்சம் இளகும். சின்ன உளியால் நெம்பினால் வில்லை வில்லையாக வருகிறது. வருகிறபோது அடியில் இருந்த மணலையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. ஒரு கண் முடிந்திருக்கிறது. முதல் தூணில் சாம்பல் பூச்சைச் சுரண்டினேன். நக அளவுக்குச் சிவப்பு மிச்சம் இருக்கிறது, ஒரு முனையில் அவர் கை நடுங்கிய வளைவோடு.

நேற்று உளிச் சத்தம் கேட்டு, மேலே என்னடா வேலை என்று கீழேயிருந்து கேட்டார். பாலத்தில் வேலை என்றேன்.

"மழைக்கு முன்னாடி முடிச்சிடு" என்றார்.